காந்தி ரோடு எங்கே போகிறது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று தெருப் பெயர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது தோழர்கள் சிலர் சிரித்தார்கள். விலைவாசியைப் பேசலாம், வேலையைப் பேசலாம், தெருவின் பெயரைப் பேசி என்ன ஆகப் போகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தப் பேச்சு தெருப் பெயரில் தொடங்கினாலும் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களில் போய் முடியும். அதுவரை பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

இந்தியாவில் எந்தப் பெரிய நகரத்தில் இறங்கினாலும் ஒரு மகாத்மா காந்தி ரோடு இருக்கும். பெங்களூரில் இருக்கிறது. புனேயில் இருக்கிறது. கல்கத்தாவில், செகந்திராபாத்தில், எர்ணாகுளத்தில், திருவனந்தபுரத்தில் இருக்கிறது. சென்னையில் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலைக்கு உத்தமர் காந்தி சாலை என்று பெயர். நம் மும்பையிலோ ஒன்று போதாதென்று கோட்டைப் பகுதியில் ஒன்று, காட்கோபரில் ஒன்று, முலுண்டில் ஒன்று, காந்திவலியில் ஒன்று.

இந்த ரோடுகளுக்கு முன்பு என்ன பெயர் இருந்தது? பெங்களூரில் அது சவுத் பரேடு. வெள்ளைக்காரப் பட்டாளம் அணிவகுத்த மைதானத்தின் தெற்கு ஓரம். 1948-ல் அதற்குக் காந்தியின் பெயர் வந்தது. புனேயில் அது ராணுவ முகாமின் மெயின் ஸ்ட்ரீட். செகந்திராபாத்தில் ஜேம்ஸ் ஸ்ட்ரீட். கல்கத்தாவில் ஹாரிசன் ரோடு. மும்பைக் கோட்டையில் எஸ்பிளனேடு ரோடு. வெள்ளைக்காரன் தனக்கென்று அமைத்துக்கொண்ட பெரிய வீதிகளை எடுத்து, அவனை எதிர்த்து நின்றவரின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் விடுதலை பெற்றதும் முதலில் பெயர்ப் பலகையைத்தான் மாற்றுவார்கள். அது அவர்கள் உரிமை.

ஆனால் தோழர்களே, பெயர் மாறிய பிறகு என்ன நடந்தது? மகாத்மா காந்தி ரோடு என்ற நீளமான பெயர் நம் வாயில் எம்.ஜி. ரோடு என்று சுருங்கிவிட்டது. ஆட்டோக்காரரிடம் எம்.ஜி. ரோடு என்கிறோம். அவரும் மீட்டரைப் போடுகிறார். இருவருக்கும் காந்தியின் நினைவு வருவதில்லை. காட்பந்தர் ரோடு சுவாமி விவேகானந்தரின் பெயர் பெற்று எஸ்.வி. ரோடு ஆயிற்று. ஆக்ரா ரோடு லால் பகதூர் சாஸ்திரியின் பெயர் பெற்று எல்.பி.எஸ். மார்க் ஆயிற்று. ஹார்ன்பி ரோடு தாதாபாய் நவுரோஜியின் பெயர் பெற்று டி.என். ரோடு ஆயிற்று. மனிதர் மறைந்து இரண்டு எழுத்து, மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியது.

இங்கே ஒரு ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் இலாகாவில் ஓர் ஊரின் பெயரோடு 'ரோடு' என்று சேர்த்து ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்திருந்தால் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. கொடைக்கானல் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கினால் குளிர் அடிக்காது. கொடைக்கானல் அங்கே இல்லை. பஸ் பிடித்து மலை ஏற வேண்டும். நாசிக் ரோடில் இறங்கினால் பழைய நாசிக் ஊருக்கு இன்னும் பல மைல் போக வேண்டும். அபு ரோடும் அப்படித்தான். 'ரோடு' என்றால் ஊர் இன்னும் வரவில்லை, ஊருக்குப் போகும் வழி இது என்று பொருள்.

காந்தி ரோடையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். காந்தி இன்னும் வரவில்லை, இனிமேல்தான் போக வேண்டும்!

1917-ல் காந்தி மூன்றாம் வகுப்பு ரயில் பயணிகளின் அவதியை விவரித்து எழுதினார். தானே அந்தப் பெட்டியில் ஏறிப் பார்த்து எழுதினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974-ல் ரயில்வே எடுத்துவிட்டது. அன்ரிசர்வ்டு பெட்டியில் ஊருக்குப் போய் வந்த தோழர்கள், பெயர் போனதோடு நெரிசலும் போயிற்றா என்று சொல்லட்டும். மதுவிலக்கு வேண்டும் என்றவரின் பெயரில் உள்ள பெங்களூர் ரோட்டில் மதுக்கூடங்கள் இருக்கின்றன. கல்கத்தாவில் அவர் பெயரிலுள்ள ரோடு படாபஜார் வழியாகப் போகிறது. அங்கே தலையில் மூட்டை சுமக்கும் கூலிக்காரர் இன்றும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். ஒரே பெயர், பல ஊர். எல்லா ஊரிலும் பாக்கி இருக்கும் கணக்கு ஒன்றேதான்.

அடுத்து அண்ணல் அம்பேத்கரின் பெயருக்கு வருகிறேன். நம் மும்பையில் பரேல், தாதர், மாட்டுங்கா வழியாக சயான் வரை போகும் பெரிய சாலை அவர் பெயரில் இருக்கிறது. முன்பு அதன் ஒரு பகுதி வின்சென்ட் ரோடு. பரேலில் தொழிலாளர் குடியிருந்த சாலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். பிறகு தாதர் இந்து காலனியில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டு புத்தகங்களோடு குடியேறினார். பெங்களூரில் விதான சவுதாவும் உயர்நீதிமன்றமும் எதிரெதிரே நிற்கும் வீதிக்கு அம்பேத்கர் வீதி என்று பெயர். இவை பெருமைக்குரியவை. ஆனால் நாட்டில் அவர் பெயர் அதிகமாக எங்கே இருக்கிறது? அம்பேத்கர் நகர், பீம் நகர் என்று குடிசைப் பகுதிகளில் இருக்கிறது. காந்தியின் பெயரைப் பெரிய ரோட்டுக்கு வைத்தது சர்க்கார். அம்பேத்கரின் பெயரைச் சந்துக்கு வைத்தவர்கள் அந்தச் சந்தில் குடியிருந்த மக்கள். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இந்து காலனி என்று சொன்னேன். தாதரில் காலனி என்றால் வசதியானவர்கள் குடியிருக்கும் இடம். பக்கத்திலேயே பார்சி காலனியும் இருக்கிறது. நம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் காலனி என்றால் என்ன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஒரே சொல், ஓர் ஊரில் கவுரவம், இன்னோர் ஊரில் இழிவு. காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றும்படி அதே ஆண்டு அக்டோபரில் அரசாணை வந்தது. அதற்கு முன்பே 2020 டிசம்பரில் மராட்டிய அமைச்சரவை, மகார்வாடா, மாங்வாடா போன்ற சாதிப் பெயர்களை எடுத்துவிட்டு சமதா நகர், பீம் நகர், கிராந்தி நகர் என்று வைக்க முடிவு செய்தது.

நல்ல காரியம், வரவேற்போம். ஆனால் பெயரை மாற்றினால் போதுமா? 1997-ல் என்ன நடந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த வீரர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. கடைசியில் என்ன செய்தார்கள்? அந்த ஆண்டிலேயே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பெயர் போயிற்று. வெறுப்பு போகவில்லை.

சர்க்கார் வைக்காமல் மக்களே வைத்த பெயர்களும் ஊருக்கு ஊர் ஒன்றாக இருக்கின்றன. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நூறடி ரோடு. பெங்களூர் இந்திரா நகரில் நூறடி ரோடு. சென்னை வடபழனி வழியாகப் போகும் நூறடி ரோட்டுக்குப் பலகையில் ஜவாஹர்லால் நேரு சாலை என்றுதான் இருக்கிறது. நூறடி ரோடு என்றால்தான் கண்டக்டருக்குப் புரியும். நம் தாராவியில் தொண்ணூறடி ரோடும் அறுபதடி ரோடும் இருக்கின்றன. தலைவர் பெயரைவிட அகலம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ஏன் தெரியாது? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்தில் குடியிருப்பவனுக்கு அகலம்தான் முதல் அதிசயம்.

அதே போல மாட்டுங்கா லேபர் கேம்ப். அங்கே வந்து குடியேறிய நம் முன்னோர் எந்த வேலைக்காக இந்த ஊருக்கு வந்தார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. காட்கோபரில் ராமாபாய் அம்பேத்கர் நகரும் காமராஜ் நகரும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1966-ல் தொடங்கித் தென்னிந்தியர்களுக்கு எதிராக முழக்கம் எழுந்த இந்த நகரத்தில், மராட்டிய ஏழை வைத்த பெயரும் தமிழ் ஏழை வைத்த பெயரும் ஒரே வேலிக்குள் நிற்கின்றன. வேலை தேடி வந்தவர்கள் தங்களுக்குள் எப்படி வாழ முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

ஒரே பெயரில் பல ஊர்களும் தெருக்களும் இருந்தால் கடிதம் எங்கே போகும்? தபால் இலாகாவுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்தது. மொழிகள் பல, எழுத்துகள் பல, பெயர் மட்டும் ஒன்று. அதற்காகத்தான் 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் அதிகாரி அதை வகுத்தார். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. கோட்டையிலுள்ள காந்தி ரோட்டுக்கு 400001, முலுண்டுக்கு 400080. நம் தாராவிக்கு 400017. எண் வந்தது, கடிதம் சேர்ந்தது.

ஆனால் பின்கோடு பேட்டை வரைக்கும்தான் கொண்டுவிடும். எந்தச் சந்து, எந்தக் குடிசை என்று அது சொல்லாது. கடிதம் என்றால் தபால்காரர் விசாரித்துக் கொடுத்துவிடுவார். வீடு என்றால் யார் விசாரிப்பார்கள்? தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டத்தின் விதி. முன்பிருந்தே குடியிருந்தேன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? காகிதத்தைக் காட்டித்தான்.

அந்தக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்த பிறகு கொடுத்த போட்டோ பாஸில் ஒரு முகவரி. ரேஷன் அட்டையில் ஒரு முகவரி. வாக்காளர் பட்டியலில் வேறொன்று. மின்சார பில்லில் இன்னொன்று. ஒன்றில் சந்தின் பெயர் தலைவர் பெயராக இருக்கும். இன்னொன்றில் பக்கத்துக் கோயில் பெயராக இருக்கும். மற்றொன்றில் வெறும் 'தாராவி' என்று மட்டும் இருக்கும். நாற்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர், காகிதத்தின்படி நாலு இடத்தில் வாழ்ந்தவராகத் தெரிகிறார். நாலு இடத்தில் வாழ்ந்தவர் எந்த இடத்திலும் வாழாதவர் என்று சொல்ல ஓர் அதிகாரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பெரிய ரோட்டுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. எஸ்பிளனேடு ரோடு மகாத்மா காந்தி ரோடு ஆனதும் மாநகராட்சி தன் பதிவேட்டில் பழைய பெயரையும் புதிய பெயரையும் எழுதிக்கொள்கிறது. அங்கே கட்டடம் வைத்திருப்பவர், நான் பழைய எஸ்பிளனேடு ரோட்டுக்காரன்தான் என்று நிரூபிக்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நம் சந்துகளின் பெயர் மாற்றத்தை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு சந்திலும் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். இந்தச் சந்துக்கு இன்று என்ன பெயர், முன்பு என்ன பெயர், எந்த வருஷம் யார் மாற்றினார்கள், எந்தக் கட்சி பலகை வைத்தது, வயதானவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுத வேண்டும். பாட்டிமார் இருக்கும்போதே எழுத வேண்டும்.

இரண்டாவது, வீட்டிலுள்ள எல்லாக் காகிதங்களையும் ஒன்றாக வைத்து முகவரிகளை ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் இன்றே திருத்த மனுக் கொடுக்க வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு காலையில் சங்கத்தில் எழுதித் தருவோம். காசு வேண்டாம். மூலக் காகிதத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகலை மட்டும் கொடுங்கள்.

மூன்றாவது, மாநகராட்சிக்குச் சங்கத்தின் பெயரால் ஒரு கோரிக்கை. சந்துகளின் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்த்த பட்டியலை ஏற்றுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். கூடவே நம் மராட்டியத் தோழர்கள், உத்தரப் பிரதேசத் தோழர்கள் குடியிருக்கும் சந்துகளையும் சேர்க்கச் சொல்வோம். அவர்கள் டிரங்குப் பெட்டியிலும் இதே நாலு முகவரிதான் இருக்கிறது.

இனி யாராவது ஒரு தலைவர் வந்து, உங்கள் சந்துக்குப் பெரியவர் ஒருவரின் பெயரை வைக்கிறேன் என்று சொன்னால் மாலை போட்டு வரவேற்போம். வைத்த பிறகு அதைப் பதிவேட்டில் ஏற்றினீர்களா என்று கேட்போம். அந்தப் பெரியவரின் பெயர் கொண்ட பெரிய ரோட்டில் ஓடும் அதே தண்ணீர், அதே சாக்கடை வசதி, அதே விளக்கு எங்கள் சந்துக்கும் உண்டா என்று கேட்போம். பெயர் ஒன்றாக இருக்கும்போது வசதி மட்டும் ஏன் இரண்டாக இருக்க வேண்டும்?

 நோட்டுப் புத்தகம் வாங்கியவர்கள் போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.