அரைப் பாவையும் அதன் மறுபாதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ இசையோ பேசுபொருளாவது வழக்கம். நாமோ இன்று ஒரு சாண் உயரமும் இல்லாத பொம்மையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் முழுப் பொம்மையன்று. இடுப்பு வரை மட்டுமே உள்ள பாதிப் பொம்மை. தலைப்பைக் கேட்ட செயலாளர் முதலில் புன்னகைத்தார், பிறகு இசைந்தார். அவருக்கு நம் நன்றி.

ஜெர்மனி நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏராளமாகச் செய்யப்பட்ட பீங்கான் பொம்மை இது. இதனை 'அரைப் பாவை' என்று நாம் வழங்குவோம். தலை, கழுத்து, கைகள், மார்பு ஆகியவை பளபளக்கும் பீங்கானால் ஆனவை. இடுப்போடு உருவம் முடிந்துவிடும். அடி விளிம்பில் இரண்டோ நான்கோ சிறு துளைகள் இருக்கும். அவை ஊசியும் நூலும் செல்வதற்காக அமைந்தவை. வாங்கிச் சென்ற பெண்மணி தன் வீட்டிலிருந்த பட்டையும் பின்னல் துணியையும் கொண்டு அகன்ற பாவாடை ஒன்று தைத்து, அதனைப் பாவையின் இடுப்பில் இணைப்பாள். உள்ளே மரத்தூளை அடைத்தால் அது குண்டூசி குத்தி வைக்கும் மெத்தை. பஞ்சு வைத்துத் தைத்துத் தேநீர்க் கெண்டியின்மேல் கவிழ்த்தால், அது சூடு ஆறாமல் காக்கும் உறை. பவுடர்ச் சிமிழுக்கு மூடியாகவும், விளக்குக்கு மறைப்பாகவும், ஏன், தொலைபேசியை மூடும் திரையாகவுங்கூட இப்பாவைகள் பயன்பட்டன. பாவாடை தைக்கும் முறைகளை அக்காலத் தையல் இதழ்கள் வெளியிட்டன.

இதன் பூர்வீகம் சுவையானது. கிழக்கு நாட்டார் அறிந்திருந்த பீங்கான் மருமத்தை ஐரோப்பியர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். சாக்சனி நாட்டில் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும் பொட்கர் என்ற இளைஞரும் 1708-ஆம் ஆண்டளவில் அதனைக் கண்டறிந்தனர். 1710-இல் மைசன் நகரில் ஆலை எழுந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1760-ஆம் ஆண்டு வாக்கில், தூரிங்கியா மலைப் பகுதியில் மாகலைட் என்பவர் தம் சொந்த முயற்சியால் பீங்கான் செய்து காட்டினார். அம்மலைக் காடுகள் சூளைகளுக்கு விறகு தந்தன. ஊர்தோறும் ஆலைகள் தோன்றின. அரைப் பாவைகளுள் மிகப் பல அந்தத் தூரிங்கியாவிலும் அதனை அடுத்த பவேரியாவிலும் பிறந்தவையே.

செய்முறையைச் சிறிது கூறுவோம். வெண்களிமண், பெல்ட்ஸ்பார், படிகக்கல் ஆகியவற்றின் பொடியை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, சாந்தினால் செய்த அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் படியும். எஞ்சிய குழம்பைக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான உருவம் கிடைக்கும். அதனை உலர்த்திச் சுட்டு, மெருகு தோய்த்து, ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்தில் மீண்டும் சுடுவர். பிறகு கண்ணுக்கும் இதழுக்கும் வண்ணம் தீட்டி, குறைந்த வெப்பத்தில் இன்னும் ஒருமுறை சுடுவர். கைக்கு அடக்கமான ஒரு பாவை இத்தனை முறை தீக்குளித்தே கடைக்கு வந்தது.

சேகரிப்போர் முதலில் நோக்குவது கைகளையே. கைகள் உடலோடு ஒட்டியிருப்பின், உருவம் முழுதும் ஓர் அச்சில் வந்துவிடும், அது மலிவு. முழங்கை விலகி, விரல்கள் மட்டும் மார்பையோ கூந்தலையோ தொட்டு நிற்பின், அது இடைத்தரம். கைகள் முழுதும் விலகி வெளியில் நீண்டிருப்பின், அவற்றைத் தனியே வார்த்து ஒட்டியிருப்பர். எளிதில் உடையக்கூடியதாதலின் அது அரிது, விலையும் மிகுதி. ஒருத்தி ரோஜா மலரை ஏந்தியிருப்பாள். ஒருத்தி கடிதம் படிப்பாள். பதினெட்டாம் நூற்றாண்டு அரசவை மங்கையும் உண்டு. 1920-களில் குட்டைக் கூந்தலோடு தோன்றிய புதுமைப் பெண்ணும் உண்டு.

அடுத்து நோக்குவது அடையாளத்தை. பாசாவ் நகரத்து டிரெசல்-கிஸ்டர் ஆலையின் பாவையில் ஆயர் ஏந்தும் வளைகோல் நீல நிறத்தில் இருக்கும். 1871-இல் தோன்றிய கேபெல் ஆலையின் முத்திரை, ஒரு முடியும் அதன்கீழ்ப் பின்னிய இரண்டு எழுத்துகளும். பெரும்பாலானவற்றில் ஓர் எண்ணும் 'ஜெர்மனி' என்னும் நாட்டின் பெயரும் மட்டுமே காணப்படும். ஜெர்மானியர் தம் நாட்டுப் பெயரை ஆங்கிலத்தில் பொறித்தது ஏன்? 1890-ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் பொருளில் அது பிறந்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என விதித்தது. வாங்குவோர் மொழியில் விற்போர் தம் பெயரை எழுதினர். 1914-இல் மூண்ட போர் ஜெர்மன் ஏற்றுமதியைத் தடுத்தபோது, ஜப்பானியர் அவ்விடத்தை நிரப்பினர். ஆகவே 'ஜப்பான்' எனப் பொறித்த பாவைகளும் கிடைக்கின்றன.

போலியைக் கண்டறிய ஒரு வழி கூறுவோம். பீங்கான் சூளையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும். பழைய பாவையின் மீதே அச்செடுத்துப் புதியது வார்த்தால், அது மூலத்தைவிடச் சிறுத்திருக்கும். விரல்களும் கூந்தல் இழைகளும் மழுங்கியிருக்கும். ஆதலின் அளவுகோல் சேகரிப்போர்க்கு உற்ற தோழன்.

இனி நாம் செய்த பிழை ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாம் முதன்முதலில் வாங்கிய அரைப் பாவை, பழம்பொருட் கடையொன்றில் கிடைத்தது. மங்கிய ரோஜா நிறப் பட்டுப் பாவாடையோடு இருந்தது. பட்டு இற்றுப்போய்க் கறை படிந்திருந்தது. நமக்கோ அடியிலுள்ள எண்ணைக் காணும் ஆவல்! கத்தரியால் நூலை அறுத்தோம். எண்ணும் நாட்டுப் பெயரும் தெரிந்தன, மகிழ்ந்தோம். துணியைக் குப்பையில் எறிந்தோம்.

சில மாதங்கள் கழிந்தன. நம் இல்லத்துக்கு வந்த மூதாட்டி ஒருவர் அப்பாவையைக் கையில் எடுத்தார். துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். "இதற்குத் துணி இருந்திருக்குமே, அது எங்கே? யார் தைத்தாளோ!" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: அப்பாவாடையின் உட்புறம் இரண்டு நிற நூல்களால் தைக்கப்பட்டிருந்தது. ஒருத்தி தைத்ததை மற்றொருத்தி செப்பனிட்டிருக்கலாம். தாயும் மகளுமாகவும் இருக்கலாம். ஆலையின் எண் பல்லாயிரம் பாவைகளுக்குப் பொது. அந்தத் தையலோ உலகில் அந்த ஒன்றுக்கே உரியது. பொதுவானதைக் காத்து, ஒன்றேயானதை எறிந்துவிட்டோம். நாலு தையலைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் தைத்திருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறோம்.

அன்றுமுதல் நமக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டோம். பாவாடையோடு வரும் பாவையைப் பாவாடையோடே வைப்போம். துணி தாங்காத நிலையில் இருந்தால், முதலில் படம் எடுத்து, பிறகு பிரித்து, தூய வெள்ளைத் துணியில் சுற்றிப் பாவையின் அருகிலேயே வைப்போம். எங்கே, எப்போது, எந்நிலையில் கிடைத்தது என எழுதி வைப்போம். இன்று நம் பேழையில் 11 பாவைகள் உள்ளன. அவற்றுள் 3 மட்டுமே பாவாடையோடு உள்ளன. நம் கண்ணுக்கு அவையே மூத்த செல்வங்கள். அவற்றுள் ஒன்றன் கை உடைந்திருப்பதும் நமக்குக் குறையாகத் தோன்றவில்லை.

தாய்மார்களே! இது நமக்கு அயலான செய்தியன்று. நம் கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சியை எண்ணிப் பாருங்கள். தச்சர் மரத்தில் உருவத்தை மட்டும் கடைந்து தருகிறார். பாவாடையும் வேட்டியும் மணிமாலையும் அணிவித்து அதனை நம் வீட்டுப் பொம்மையாக்குவது நம் பெண்களின் கை. தச்சரின் உழைப்பைப் போற்றும் நாம், துணியை ஆண்டுதோறும் மாற்றும்போது பழையதை எண்ணிப் பார்ப்பதில்லை. சொந்த ஊரை விட்டு வரும்போது பெட்டியில் இடம் பார்த்து எடுத்து வந்த பொம்மைகள் இக்காலனி வீடுகளில் பல இருக்கும். அவற்றின் சட்டையை யார் தைத்தார் என்பதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இன்று ஒருவரோ இருவரோ இருப்பர்.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. இன்றிரவு வீடு திரும்பியதும், இளைஞர்கள் தம் பாட்டியிடமோ தாயிடமோ கேளுங்கள். அவர் கூறும் பெயரையும் ஊரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொம்மையோடு வையுங்கள். நாம் எறிந்த பாவாடைக்கு அப்படியொரு தாள் இல்லை.