பயமுறுத்துவது பேயா? பெயரா?

நடுவர் அவர்களே! பொருட்காட்சியிலே போடுற பேய் வீட்டுக்குக் கூட்டம் சேர்ப்பது உள்ளே இருக்கிற பேய்தான் என்று எதிரணிச் சகோதரி அடிச்சுப் பேசினாங்க. அம்மா, பேயை எப்போ பார்க்கிறோம்? டிக்கெட் வாங்கின பிறகு! வாங்க வைத்தது வாசலில் எழுதின பெயர். (சிரிப்பு)

எங்க நார்த்தாமலைக்கு வாங்க. ஒன்பது குன்றுகள். ஒன்றின் பெயர் ஆளுருட்டிமலை. குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்டார்களாம்! கேட்டாலே வயிறு கலங்குதில்ல? சின்ன வயசிலே அந்தப் பக்கமே நான் போனதில்லை. பேராசிரியரான பிறகுதான் போனேன். அங்கே என்ன இருந்தது? பாறையிலே செதுக்கிய தீர்த்தங்கரர், தியானத்தில்! எறும்புக்கும் தீங்கு நினைக்காத சமணர் மலை ஐயா அது! கொல்லாமை சொன்ன இடத்துக்குக் கொலைப் பெயர். அந்தச் சிற்பத்தை இத்தனை வருஷம் என்னிடமிருந்து மறைத்தது பேயா? பெயர்!

ஆகவே, பேய் வீடு நடத்துகிறவர்களே! என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். ஓர் ஊரின் பெயரை, ஒரு தெருவின் பெயரை மட்டும் வைக்காதீர்கள். நாளைக்கு அந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பாங்க. பொருட்காட்சி முடிஞ்சா பேய் லாரியில் ஏறிப் போயிடும்; பெயர் ஊரிலேயே தங்கிவிடும் என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)