ஐம்பதிலே முப்பத்தைந்து போனால்?

(‘தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை உயர்த்துவது தேர்வா? ஆசிரியரின் கவனிப்பா?’ என்னும் பட்டிமன்றத்தில், ‘ஆசிரியரின் கவனிப்பே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, இப்போதே என்னை முறைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, பாலசமுத்திரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், ‘பரீட்சை இல்லாவிட்டால் பிள்ளை எப்படிப் படிக்கும்?’ என்று கேட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். பரீட்சை வைத்துவிட்டால், பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று நமக்குத் தெரிந்துவிடுமா?

பக்கத்திலே ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். அங்கே அம்மா பக்கத்திலே உட்கார்ந்து பழத்தைக் கூறு போட்டு விற்கிற மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். கூறு 35 ரூபாய். நீங்கள் 50 ரூபாய் நோட்டை நீட்டுகிறீர்கள். ‘இந்தாங்க சார், மீதி 15 ரூபா’ என்று கையிலே வைத்துவிடுவான். அதே பையனுக்குப் பரீட்சையிலே 50 கழித்தல் 35 கொடுங்கள். 25 என்று எழுதி வைப்பான்! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். இந்தக் கணக்குப்படி மீதி கொடுத்தால் கூறுக்குப் பத்து ரூபாய் நஷ்டம். அந்த அம்மா விட்டுவிடுவார்களா? (சிரிப்பு)

ஏன் 25 வந்தது? தாள் திருத்துகிறவருக்கு இந்தக் கேள்வி கிடையாது. சிவப்பு மையிலே ஒரு தப்பு, பக்கத்திலே ஒரு முட்டை, அடுத்த தாள். ஆனால் கவனிக்கிற வாத்தியார் அந்தத் தப்பை உற்றுப் பார்ப்பார். மேலே பூஜ்யம், கீழே ஐந்து. பூஜ்யத்திலே ஐந்து போகாது. பையன் அதைத் தலைகீழாக்கி, ஐந்திலே பூஜ்யம் போக ஐந்து என்று போட்டான். அப்புறம் ஐந்திலே மூன்று போக இரண்டு. ஆக 25! இது சோம்பேறித்தனம் இல்லை ஐயா, இது ஒரு விதி. எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று அவனே உண்டாக்கிக்கொண்ட விதி. 62-இலே 18 கழிக்கச் சொல்லுங்கள், 56 என்பான். நூறு பரீட்சை வையுங்கள், நூறு தடவையும் அதே தப்பைத் தப்பாமல் செய்வான்! (கைதட்டல்)

மருந்து என்ன? ஈர்க்குச்சி. பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டை அவன் கையிலே கொடுங்கள். ‘முப்பத்தைந்து எடுத்துக் குடுடா.’ மூன்று கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவான். இன்னும் ஐந்து குச்சி வேண்டுமே? ஒரு கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று அப்போது கைக்குப் புரியும், அப்புறம் சிலேட்டுக்குப் புரியும். இரண்டு நாள் கழித்து வேறொரு கணக்கைப் போடச் சொல்லிப் பார்த்தால் நின்றதா, நழுவியதா என்று தெரிந்துவிடும். அதுவும் மதிப்பீடுதான். மார்க்குத்தான் கிடையாது.

தமிழுக்கு வாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடத்தை மணிமணியாக வாசிக்கும். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். புத்தகம் தலைகீழாக இருக்கும்! (சிரிப்பு) மனப்பாடம். ‘படம், பட்டம்’ வாசிக்கிற பிள்ளைக்கு, புத்தகத்திலே இல்லாத ‘மடம்’ என்ற சொல்லை எழுதிக் காட்டச் சொல்வேன் நான். அதை வாசித்தால்தான் எழுத்து தெரியும் என்று அர்த்தம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பீர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே 2003-இல், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியிலே, செயல்வழிக் கற்றல் ஆரம்பமானது. ஆந்திராவிலே ரிஷிவேலிப் பள்ளி வகுத்த முறையைப் பார்த்து வந்தது. 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வாத்தியார் நாற்காலியை விட்டுப் பாயிலே உட்கார்ந்தார். பிள்ளை எட்டுகிற உயரத்திலே கரும்பலகை வந்தது. படிப்பைக் கற்றல் ஏணியாக்கி, படிக்கு ஒரு அட்டை வைத்தார்கள். சோதிக்கிற அட்டையும் அந்த ஏணியிலேயே உண்டு. தனியாகப் பரீட்சை மணி அடித்துப் பயமுறுத்துகிற வேலை இல்லை.

அதிலே குறையே இல்லையா? உண்டு. பிள்ளை எந்தப் படியிலே நிற்கிறான் என்று குறித்துவிட்டு, ஏன் நிற்கிறான் என்று பார்க்காத இடத்திலே அட்டையும் ஒரு சடங்குதான்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூன் 13-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். தமிழ், ஆங்கிலம், கணக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பாஸ், ஃபெயில் என்ற சொல்லைவிட இது எவ்வளவு நாகரிகமான சொல் பாருங்கள்! அரும்பை யாரும் ஃபெயிலான பூ என்று சொல்வதில்லையே! (கைதட்டல்) ஆனால் மதிப்பீட்டைச் செயலியிலே ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குரல் கொடுத்தன. நியாயமான குரல். செல்போனைப் பார்க்கிற கண் பிள்ளையை எப்படிப் பார்க்கும்? ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்துகிற பள்ளியிலே கேட்கவே வேண்டாம்.

எதிரணியார் கடைசியாக எடுக்கிற ஆயுதம் பயம். 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று இங்கே அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்து வயசுப் பிள்ளையை ‘நீ அங்கேயே நில்’ என்று நிறுத்தியிருப்போம். அப்பா, ‘படிப்பு ஏறலை, தோட்டத்துக்கு வாடா’ என்றிருப்பார். பெண் பிள்ளையென்றால் மில்லுக்கு ஆள் கேட்டு வருகிறவர் வீட்டு வாசலிலே நின்றிருப்பார்.

அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிற பேராசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி. அப்படி நிறுத்தி வைத்த பிள்ளைக்கு, கட்டை அவிழ்த்துக் கழிக்க அந்த ஒரு வருஷத்திலே யார் சொல்லிக் கொடுப்பார்? உங்கள் பரீட்சைத் தாளா? பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். (கைதட்டல்)