தலைப்பில் விழுந்த பிழை

“ஆவணப்படம் எடுத்து எந்த ஊழல் முதலாளியை உள்ளே தள்ளினார்கள்?” என்று எதிரணித் தம்பி கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான். 2008 நிதி நெருக்கடியைப் பற்றி ‘இன்சைடு ஜாப்’ ஆவணப்படம் எடுத்த சார்லஸ் ஃபெர்குசனே 2011 ஆஸ்கர் மேடையில் இதைத்தான் சொன்னார். நிதி நெருக்கடி வந்து மூன்று ஆண்டுகளாகியும் ஒரு நிதி நிறுவன அதிகாரிகூடச் சிறைக்குப் போகவில்லை என்று மனம் நொந்து பேசினார். எங்கள் அணி அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் சிறைக் கதவு ஒன்றுதான் அளவுகோலா?

அந்தப் படத்தில் ஒரு காட்சி. கொலம்பியா வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஃபிரெடெரிக் மிஷ்கின் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர் குழுவிலேயே இருந்தவர். ஐஸ்லாந்தின் நிதி நிலைமையைப் பற்றி 2006இல் நம்பிக்கையான அறிக்கை ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர். அதற்கு அந்நாட்டு வர்த்தக சபை அவருக்குக் கொடுத்தது 1,24,000 டாலர். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன.

அறிக்கையின் தலைப்பில் இருந்தது ‘நிதி நிலைத்தன்மை’. பேராசிரியரின் தன்விவரக் குறிப்பிலோ அது ‘நிதி நிலையின்மை’ ஆகியிருக்கிறது. எப்படி மாறியது என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஃபெர்குசன் கேட்கிறார். பேராசிரியருக்கு வார்த்தை சிக்குகிறது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்கிறார்.

அதே பள்ளியின் அப்போதைய முதல்வர் கிளென் ஹப்பர்ட், வெளி நிறுவனங்களிடம் வாங்கும் பணத்தைப் பற்றிக் கேட்டதும், இன்னும் மூன்று நிமிடம்தான் என்று சீறுகிறார்.

செய்தித்தாளாக இருந்தால் ‘பேராசிரியர் விளக்கம்’ என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். மிஷ்கினின் அந்தத் தடுமாற்றம் எந்த அச்சில் வரும்?

“எடிட்டிங் மேஜையில் எதையும் திரிக்கலாம்” என்றார் எதிரணி அம்மா. கத்தரிக்கோல் அந்தத் தொகையை உண்டாக்கவில்லையே, அம்மா! வாங்கிய பணம் பொது ஆவணத்திலேயே இருக்கிறது என்று மிஷ்கினே படத்தில் சொல்கிறார். எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்த காகிதத்தை எடுத்து, அறிக்கையின் பக்கத்தில் வைத்துக் காட்டியது இந்தப் படம். ஆவணப்படக்காரனின் உழைப்பு அதில்தான் இருக்கிறது.

பலன் என்ன? கொலம்பியா வணிகப் பள்ளி 2011இல், ஆசிரியர்கள் தங்கள் வெளி வேலைகளைப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 2012 ஜனவரியில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமும் விதியை இறுக்கியது. படம் கிளப்பிய விவாதத்துக்கு அதில் பங்கு உண்டு. அச்சங்கத்தின் இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர், தொடர்புடைய தரப்பிடம் கடந்த மூன்றாண்டில் மொத்தம் 10,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், யாரிடம் வாங்கினார் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும்.