வரிக்கு வாழ்ந்த தமிழ்
(அனுமந்தையில் ஆற்றிய உரை)



யான் திரைப்படங்களைத் தேடிச் சென்று பார்ப்பவன் அல்லேன். வீட்டார் தொலைக்காட்சியைத் திறந்தால், நாளிதழ் மடியில் கிடக்க, யானும் பார்ப்பேன், அவ்வளவே.

2006-ஆம் ஆண்டில், தமிழ்ப் பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று தமிழக அரசு அறிவித்தது. உடனே 'ஜில்லுனு ஒரு காதல்', 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று! வகுப்பறையில் யாம் தொண்டை வறளக் கத்தியும் போகாத வடவெழுத்து, வரியென்றதும் ஓடி ஒளிந்தது. 'எம்டன் மகன்', 'எம் மகன்' ஆயிற்று. (இதில் எனக்குச் சிறு வருத்தம். 1914-இல் சென்னைமேல் குண்டு பொழிந்த செருமானியக் கப்பலின் பெயர் அது. வல்லாளனைக் குறிக்கும் சொல்லாக நம் மக்கள் நாவிலேயே ஊறிவிட்டது.)

பெயர் மாறிற்று, உள்ளே பேச்சு மாறிற்றா? வரி கேட்டது பெயரைத்தானே!

2017 சூலையில் சரக்கு, சேவை வரி வந்தது. பழைய விலக்கின் ஆசையும் போயிற்று. பின்னர் வந்த பெரும்படங்களைப் பாருங்கள்: 'மாஸ்டர்', 'பீஸ்ட்', 'ஜெயிலர்', 'லியோ'. தமிழன் எடுத்து, தமிழன் நடித்து, தமிழன் காசு கொடுத்துப் பார்த்தவை!

படங்களையாவது ஆண்டுக்கு இரண்டு மூன்று பார்க்கிறோம். தொலைக்காட்சியோ நாள்தோறும் அடுக்களைவரை வந்து பேசுகின்றது. என் மாணவி ஒருத்தி உப்பளத் தொழிலாளியின் மகள். பாத்தி, வரப்பு என்று வீட்டில் நல்ல தமிழ் பேசுபவள், கட்டுரையில் 'சூப்பர்' என்று எழுதியிருந்தாள். அடித்துத் திருத்தினேன்.

"ஐயா, தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி நடத்தும் பெரியவர்களே இப்படித்தானே சொல்கிறார்கள்? அவர்களை யார் திருத்துவார்?" என்றாள்.

சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டு வாயடைத்து நின்றேன்.