அலமாரியில் மாயாவி இருக்கட்டும்!

(முகத்துவாரக்குப்பம் படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், வாசகர்கள் சிலரின் சார்பில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



ஷிப்டு முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் ஆலைத் தொழிலாளத் தோழர்களே, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களே, வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கும் குப்பத்துப் பெரியவர்களே!

நமது படிப்பகத்தின் அலமாரி சின்னது. இடம் போதவில்லை. ஆகவே, படக்கதைகளையும் துப்பறியும் நாவல்களையும் கட்டி எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நல்ல நூல்களை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. யோசனையைக் கொண்டுவந்தவர் நம் எல்லோருடைய மதிப்புக்கும் உரிய மூத்த தோழர். எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்துப் போராடிய வர்க்கம், கிடைத்த ஓய்வு நேரத்தை மாயாவிக்கும் மர்மக் கதைக்கும் பறிகொடுக்கலாமா என்று அவர் கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே பதிலும் நியாயமாக இருக்க வேண்டும்.

நாங்கள் அந்தப் புத்தகங்களின் ரசிகர்கள். இதை ஒளிக்கப் போவதில்லை. நேற்று இன்று வந்த ஆசையும் அல்ல, ஐம்பது வருஷத்துப் பழக்கம். அந்தப் புத்தகங்களால் நாம் அடைந்ததையும் சொல்கிறோம், அவற்றில் உள்ள கோளாறையும் சொல்கிறோம். கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மூர் மார்க்கெட் தந்த படிப்பு

1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவந்தது. சௌந்தரபாண்டியன் என்பவர் தொடங்கினார். முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள். புதுப் புத்தகம் வாங்க நம் வீடுகளில் ஏது காசு? ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போய், பழைய புத்தகக் குவியலில் உட்கார்ந்து தேடுவோம். நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்குவோம். 1985 மே மாதம் 30-ஆம் தேதி அந்த மார்க்கெட் எரிந்தபோது, சொந்த வீடு எரிந்ததுபோல் எங்கள் வயிறு எரிந்தது.

மாயாவி யார்? லூயிஸ் கிராண்டேல் என்பவன். ஆராய்ச்சிசாலை விபத்தில் அவனுடைய வலது கை போய்விடுகிறது. இரும்பால் கை செய்து பொருத்துகிறார்கள். பிறகு இன்னொரு விபத்தில் மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைந்துபோகிறது, இரும்புக் கை மட்டும் வெளியே தெரிகிறது! இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962-இல் தொடங்கிய கதை இது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். ஆனால் அந்தக் கலைஞன் போட்ட நிழல் இருக்கிறதே! காலியான அறை, திறந்த ஜன்னல், நடுவில் அந்தரத்தில் ஒரு கை. அந்தப் பக்கத்தைத் திருப்பப் பயந்து, திருப்பாமலும் இருக்க முடியாமல் நாங்கள் தவித்த தவிப்பு இன்னும் மறக்கவில்லை.

எங்களில் ஒருவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மற்றவன் உரக்கப் படிக்க, இவன் படத்தைப் பார்ப்பான். நாளடைவில் படத்தின் பக்கத்திலிருந்த சின்னச் சின்ன வசனங்களை அவனே எழுத்துக்கூட்டினான். ஒரு வருஷத்தில் எங்களை முந்திக்கொண்டு படித்தான். அ, ஆ சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம். நிறுத்தாமல் படிக்கக் கற்றுக்கொடுத்தது மாயாவி.

படக்கதையிலிருந்து துப்பறியும் நாவலுக்குப் போனோம். தமிழில் இது இன்று நேற்று வந்த சங்கதியல்ல. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-லேயே வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று வரிசையாக எழுதினார்கள். தேவனின் துப்பறியும் சாம்பு வந்தான். அசட்டு அதிர்ஷ்டத்தாலேயே குற்றவாளியைப் பிடிக்கிறவன். தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். தேநீர் குடித்தால்தான் அவருக்கு மூளை ஓடும். இப்போது மூடப்பட்டுவிட்ட தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் ஜெய்சங்கர் படம் என்றால், ராத்திரி ஷிப்டு முடித்தவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டுப் போய் நிற்பார்கள்.

1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 1943 அக்டோபர் 11-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதே, அந்த நாளையொட்டி நடக்கும் கதை. துப்பாக்கி வெடிக்கிறது, ரேடியோ என்ஜினீயர் ஒருவன் சாகிறான். தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கடைசியில், நாட்டின் ரகசியத்தை எதிரிக்கு விற்ற புருஷனைச் சுட்டவள் மனைவி என்று தெரிகிறது. பலர் பேச்சைக் கேட்டு, எது பொய், எது மெய் என்று நாமே தரம் பிரிக்க வேண்டிய படம் அது. தொழிற்சங்கத்தில் ஒரு புகாரை விசாரிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

கை போனவனின் கேள்வி

எங்களோடு மாயாவி படித்த அந்த ஐந்தாம் வகுப்புப் பையன், வளர்ந்து திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலைக்குப் போனான். பாதுகாப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் உருப்படி அதிகம் விழும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு ராத்திரி ஓவர்டைமில் அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து குப்பத்துக்கு வந்தபோது, சின்னப் பிள்ளைகள் விவரம் தெரியாமல் “மாயாவி அண்ணே!” என்று கூப்பிட்டார்கள். எங்களுக்குச் சுருக்கென்றது. அவன் கோபப்படவில்லை. எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“எத்தனை மாயாவி புத்தகம் படிச்சிருக்கோம்! கை போனதுக்கு அவனுக்கு யாரு நஷ்டஈடு குடுத்தான்னு எந்தப் பக்கத்திலயாவது இருக்காடா?”

நாங்கள் வாயடைத்துப் போனோம். அவனே மேலும் சொன்னான்: “மறைஞ்சு போறது மட்டும் பொய்யில்லை. பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி கண்ணுக்கு நான் தெரியவேயில்லை. இத்தனை நாளும் அவன் பார்த்தது என் கையை மட்டும்தான் போலிருக்கு.”

தோழர்களே! மூலதனத்தின் கண்ணுக்குத் தொழிலாளி எப்படித் தெரிகிறான் என்பதை நாங்கள் பல வகுப்புகளில் கேட்டிருக்கிறோம். அன்றைக்குப் புரிந்ததுபோல் என்றும் புரிந்ததில்லை.

டீக்கடையில் கிடைத்த துப்பு

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் உடம்புக்கு ஒரு அட்டவணையே போட்டிருந்தது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத நஷ்டம். கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஒரு கை போனால் 60 சதவீதம். ஆனால் முதலாளி என்ன சொன்னார்? “இவன் எங்கள் ஆளே இல்லை. மஸ்டர் ரோலில் பெயர் இல்லை. விபத்து எங்கே நடந்ததோ!” என்று கையை விரித்தார். காண்டிராக்டரோ ஊரிலேயே இல்லை. காண்டிராக்டர் மூலம் வந்த ஆளாக இருந்தாலும், வேலை வாங்கிய முதலாளியே பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொன்னது. அதற்கு முதலில், அவன் அங்கே வேலை செய்தான் என்று நிரூபிக்க வேண்டுமே!

அப்போது நாங்கள் துப்பறிந்தோம். சிரிக்காதீர்கள், உண்மையாகவே துப்பறிந்தோம். அவன் அந்த இடத்தில் இருந்ததற்கு எங்காவது ஒரு தடயம் இருந்தே தீரும் என்று உட்கார்ந்து யோசித்தோம். சங்கர்லாலைப் போலவே எங்களுக்கும் தேநீர்தான் கை கொடுத்தது. ராத்திரி ஓவர்டைம் பார்ப்பவர்களுக்குப் பட்டறைச் செலவில் டீ உண்டு. யார் யார் குடித்தது என்று நோட்டில் பெயர் எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினால்தான் டீக்கடைக்காரருக்குக் காசு. அந்த நோட்டைத் தேடிப்பிடித்தோம். பதினான்கு மாதக் கணக்கு! எங்கள் நண்பன் பெயர், பக்கத்தில் தேதி, கீழே மேஸ்திரியின் கையெழுத்து. விபத்து நடந்த ராத்திரியின் பக்கமும் இருந்தது.

டீக்கடைக்காரர் பயந்தார். “பட்டறை வியாபாரம் போயிடுமே” என்றார். சங்கத் தோழர்கள் போய்ப் பேசினார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு, சாட்சி சொல்ல வந்தார். மர்மக் கதையில் துப்பறிகிறவன் தனி ஆள். நம் கதையில் ஒரு சங்கமும் ஒரு டீக்கடைக்காரரின் நெஞ்சுரமும் தேவைப்பட்டன. வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. பணம் வந்தது. போன கை வரவில்லை.

கோளாறும் உண்டு

மூத்த தோழரின் குற்றச்சாட்டுக்கு வருகிறோம். இந்தக் கதைகளில் நஞ்சு இல்லையா? இருக்கிறது.

முகமூடி வேதாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-இல் அமெரிக்காவில் பிறந்த கதை. கறுப்பு மக்கள் வாழும் காட்டில், வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நீதி வழங்குகிறது! மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கதையில், ஆப்பிரிக்க இளவரசனான லோதர் மகுடத்தை விட்டுவிட்டு வெள்ளைக்காரனுக்கு ஏவலாளாக வருகிறான். இது ஏகாதிபத்தியம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கதை. நாங்களும் சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு படித்தோம். பிறகுதான், அந்தக் காட்டுக்காரன் நிறமும் நம் நிறமும் ஒன்றாக இருக்கிறதே என்று உறைத்தது.

ஆனால் எல்லாக் கதையும் ஒன்றல்ல. 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லரை நம் பிள்ளைகள் ‘லயன் காமிக்ஸ்’ மூலம் அறிவார்கள். அவன் நவஹோ செவ்விந்தியரின் தலைவனாக ஏற்கப்பட்டவன். அம்மக்களை ஏய்க்கும் வியாபாரியையும் அதிகாரியையும் எதிர்த்துச் சண்டை போடுகிறவன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும். எடைக்குப் போட்டுவிட்டால் எப்படித் தெரியும்?

முசோலினியின் சிறையில் கிடந்த தோழர் கிராம்ஷி, தொடர்கதைகளையும் துப்பறியும் நாவல்களையும் பற்றித் தம் குறிப்புப் புத்தகங்களில் எழுதினார். ஜனங்கள் இவற்றை ஏன் விரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தார். நாடகாசிரியர் பிரெக்ட் துப்பறியும் நாவல்களை விரும்பிப் படித்தவர், அவற்றைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அவர்கள் பொழுதுபோகாமல் படித்தவர்களா?

இன்னொருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாஷியல் ஹாமெட், அமெரிக்கர். 1915-இல் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வேலைநிறுத்தங்களை உடைக்க முதலாளிகள் கூலிக்கு அமர்த்தும் கம்பெனி அது. அங்கே கண்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, 1929-இல் ‘சிவப்பு அறுவடை’ என்ற நாவலை வெளியிட்டார். அதில் ஒரு சுரங்க முதலாளி, வேலைநிறுத்தத்தை நசுக்க அடியாட்களைக் கொண்டுவருகிறான். வேலைநிறுத்தம் உடைகிறது. அடியாட்கள் போகவில்லை, ஊரையே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரில் கொலைகாரன் யார் என்று தேடினால், ஒரு ஆள் அகப்படமாட்டான், ஒரு அமைப்பே அகப்படும். 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டைக் கண்ட ஊர் நம் வடசென்னை. இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹாமெட் 1937-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1951-இல், தோழர்களின் ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லக் கோர்ட்டில் மறுத்துச் சிறைக்குப் போனார். துப்புக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர், துப்புக் கொடுக்க மறுத்தார்!

குற்றவாளி யார்?

நம் முகத்துவாரத்துக்கே வருவோம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலையாற்றில் பரவியது. படகு கறுத்தது, வலை கறுத்தது, மீன் செத்தது. நம் ஆட்களே கையால் அள்ளினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. அன்று குப்பத்து இளைஞர்கள் கைபேசியில் எடுத்த படங்கள்தான் ஊர் உலகத்துக்குச் செய்தி சொன்னன. எங்கே இருந்து வந்தது, எந்த நாளில் வந்தது, யாருக்கு முன்பே தெரியும், யாருக்கு லாபம்? இவை நான்கும் துப்பறிகிறவனின் கேள்விகள். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பிள்ளை நமக்கு வேண்டுமா, வேண்டாமா?

எங்கள் யோசனை இதுதான். அந்தப் புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கீழ்த்தட்டில் வைப்போம். ஞாயிறு மாலையில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் படம் பார்க்கட்டும், சிரிக்கட்டும், பயப்படட்டும். படித்து முடித்ததும், “இந்தக் கதையில் யாருக்கு லாபம்? யார் பெயர் விட்டுப்போயிற்று?” என்று கேட்போம். வரையத் தெரிந்த பிள்ளைகள் நம் குப்பத்தின் கதையைச் சுவரில் படக்கதையாக வரையட்டும்.

இடம் போதவில்லை என்றால் இன்னொரு அலமாரி செய்வோம். கூட்டத்தில் தச்சுத் தோழர்கள் இருக்கிறார்கள். பலகைக்கு நாங்கள் உண்டி குலுக்குகிறோம். முதல் காசு போடுவதாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் நண்பன் இப்போதே இடது கையை உயர்த்துகிறான்.

மூத்த தோழர் அந்தக் கையைப் பார்த்து முடிவு சொல்லட்டும்.