கண்காட்சிப் பொறுப்பாளர் கூடும் வேளையில்

(தோட்ட விவசாயக் கண்காட்சிக் குழுவினரிடையே ஆற்றப்பெற்ற உரை)



தோட்டங்களில் விவசாயக் கண்காட்சி நடத்துவோர் ஒன்றுகூடும் ஆண்டுக் கூட்டம் நெருங்கி வருகின்றது. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இருவரோ மூவரோ அதற்குச் செல்லவிருக்கிறீர்கள். கண்காட்சி நடத்துவதே பெரும்பாடு; அதற்கு ஒரு கூட்டம் வேறு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

கண்காட்சி நடத்துவோர் கூடிப் பேசுவது புதிய வழக்கமன்று. அமெரிக்காவில் 1885-ஆம் ஆண்டிலேயே சில கண்காட்சிகளின் பொறுப்பாளர்கள் தமக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். அச்சங்கம் இன்று உலகளாவிய சங்கமாக வளர்ந்து ஆண்டு மாநாடு நடத்தி வருகின்றது. ஓரிடத்தில் பட்ட அனுபவம் மற்றோரிடத்திற்குப் பயன்பட வேண்டும் என்பதே இத்தகைய கூட்டங்களின் கருத்தாகும்.

நமக்குச் சோறிடும் ரப்பருக்கும் கண்காட்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பத்தாண்டுகள் கழிந்து, 1906 செப்டம்பரில், இலங்கையின் பேராதனைப் பூங்காவில் ரப்பருக்கென்றே ஒரு கண்காட்சி நடைபெற்றது. 1908-இல் லண்டனிலும் ஒன்று நடைபெற்றது. ஒருவர் செய்த ரப்பரை மற்றவர் செய்த ரப்பரோடு அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது தூயது, எது குறையுடையது என்பது விளங்கும். நம் நாட்டில் மாஹா எனப்படும் விவசாயக் கண்காட்சி 1923-இல் தொடங்கியது. இக்காலத்தில் அது செர்டாங்கில் பெரிய அளவில் நடைபெறுகின்றது.

நம் தோட்டக் கண்காட்சிகள் அத்துணைப் பெரியவை அல்ல. பள்ளித் திடலில் நான்கு கொட்டகைகள், சில மேசைகள், அவற்றின்மீது நம் கைகள் விளைவித்த காய்கறிகள், அவ்வளவே. ஆயினும் அவற்றைச் செம்மையாக நடத்துவதற்கு மூன்று செய்திகளை நீங்கள் கூட்டத்தில் வற்புறுத்துதல் வேண்டும்.

முதலாவது, காலம். கண்காட்சி நாளை மூன்று வாரத்திற்கு முன்பு அறிவித்தால் கீரை விதைக்கவும் நேரம் போதாது. கீரைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். பயற்றங்காய்க்கும் வெண்டைக்கும் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் விதைத்த நாள் முதல் மூன்று மாதம் தேவைப்படும். ஆகவே நான்கு மாதத்திற்கு முன்பே நாள் குறிக்கப்பட வேண்டும்.

நாளைப் போலவே மணியும் முக்கியம். காலை பத்து மணிக்குத் திறப்பு விழா என்று அழைப்பிதழ் அச்சிட்டால், விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போனவர் எவ்வாறு வருவார்? பால் நிறுத்து முடிந்து, குளித்து, உண்டு வருவதற்குள் சொற்பொழிவுகளும் முடிந்து, பரிசும் வழங்கியாகிவிடும். விளைவித்தவர் இல்லாத கண்காட்சி யாருக்காக? ஓய்வு நாளிலோ பிற்பகலிலோ நடத்துவதே முறை.

இரண்டாவது, நடுவர் தீர்ப்பு. கண்காட்சியின் உயிரே இதில்தான் உள்ளது. "சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்க்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள்" என்றும், "பரிசெல்லாம் கிராணியார் வீட்டுக்கே" என்றும் லயங்களில் பேச்சு எழுவதுண்டு. அது உண்மையோ பொய்யோ, அத்தகைய ஐயம் ஒருமுறை புகுந்துவிட்டால் மறு ஆண்டு மேசைகள் வெறுமையாகவே கிடக்கும். குடும்பம் முழுவதும் மாலைதோறும் நீர் சுமந்து வளர்த்த செடிக்கு நியாயம் கிடைக்காதெனில், யார் மீண்டும் கூடை சுமந்து வருவார்?

இதற்கு எளிய வழிகள் உண்டு. போட்டியில் சேருவோரின் பாத்திகளைக் குழுவினர் ஒரு மாதம் முன்னரே நேரில் பார்த்துப் பதிவு செய்யலாம். காய்களுக்கு அருகில் பெயர் எழுதாமல் எண் மட்டும் இடலாம். நடுவரை வேறு தோட்டத்திலிருந்து அழைக்கலாம். எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ரப்பர் ஷீட்டுப் போட்டியிலும் அவ்வாறே. ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழும் பூஞ்சையும் தூசியும் உள்ளனவா என்று எல்லார் முன்னிலையிலும் காட்டித் தீர்ப்புக் கூறலாம். தோற்றவர் தாம் தோற்ற காரணத்தை அறிந்து வீடு திரும்புவாரானால், அதுவே அவருக்குக் கிடைத்த பாடமாகும்.

மூன்றாவது, விற்பனை. ஒரு நாள் காட்சியோடு விளைச்சல் நின்றுவிடுவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறைகின்றது, வருமானமும் குறைகின்றது. அக்காலத்தில் வீட்டுக் கொல்லையிலிருந்து வரும் சில வெள்ளிகள் பெரிதும் உதவும். 1965-இல் நிறுவப்பட்ட ஃபாமா, 1985 முதல் உழவர் சந்தைகளை நடத்தி வருகின்றது. அச்சந்தைகளில் இடம் பெறுவது எவ்வாறு என்பதை விளக்குமாறு அதன் அதிகாரியைக் கண்காட்சிக்கு அழைத்தல் நன்று. கண்காட்சியிலேயே விற்பனை செய்தால், சரியான தராசும் விலைப்பலகையும் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறுவோம். கொல்லையில் களை எடுப்பவரும் நீர் ஊற்றுபவரும் பெரும்பாலும் நம் தாய்மார்களே. ஆனால் குழுவின் பெயர்ப் பட்டியலில் அவர்களைக் காண்பது அரிது. இம்முறை கூட்டத்திற்குச் செல்வோரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். எந்தக் காய் எப்போது காய்க்கும் என்பதை மேடையில் இருப்பவரைவிட அவர் நன்கறிவார்.

வெறுங்கையோடு கூட்டத்திற்குச் செல்லாதீர்கள். சென்ற கண்காட்சியின் வரவு செலவுக் கணக்கு, நடுவர் விதிகள், தொழிலாளர் கூறிய குறைகள் ஆகிய மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நிறைகளைக் கூறப் பலர் இருப்பார்கள். குறைகளை மறைக்காமல் எடுத்துரைப்பவரே அக்கூட்டத்திற்குப் பயன்படுவார்.